'ரெயின் ஆஃப் ஃபயர்' படத்தின் குவின் கோழை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் சினிமா பக்கத்தில் 'ரெயின் ஆஃப் ஃபயர்' படத்தைப் பற்றி வாசகர்கள் எழுதிய கருத்துகளைப் படித்தேன். 2002ல் வந்த ஒரு டிராகன் படத்துக்கு இத்தனை வருடம் கழித்து இடம் ஒதுக்கினீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு வருத்தம்தான் கூடியது. படத்தைத் திட்டியிருக்கிறார்களே என்ற வருத்தம் இல்லை. திட்ட வேண்டிய இடங்கள் அதில் உண்டு, கீழே நானும் சொல்கிறேன். கிறிஸ்டியன் பேல் நடித்த குவின் பாத்திரத்தை ஒருவர் "கோழை ஹீரோ" என்று எழுத, இன்னும் இரண்டு பேர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் அம்மாவைப் பார்க்க வருகிறான் பள்ளிக்கூடச் சிறுவன் குவின். தோண்டும் இடத்தில் ஒரு பொந்து திறந்துகொள்ள, பையன் உள்ளே நுழைந்து பார்க்கிறான், காலங்காலமாகத் தூங்கிக்கொண்டிருந்த டிராகன் விழித்துக்கொள்கிறது. லிப்டில் மேலே ஏறித் தப்பும்போது மகனைக் காப்பாற்றிவிட்டு அம்மா இறந்துபோகிறார். அதன் பிறகு உலகம் எரிந்து முடிந்த கதை பத்திரிகைத் துண்டுகளாகவும் குவினின் குரலாகவும் சில நிமிடங்களில் ஓடிவிடுகிறது, நாடுகள் அணுகுண்டு வரை போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் 2020. வட இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்டில் ஒரு பழைய கோட்டைக்குள் மிஞ்சிய சில குடும்பங்களும் பெற்றோரை இழந்த குழந்தைகளும் பதுங்கி வாழ்கிறார்கள். அவர்களுக்குத் தலைவன், வளர்ந்து ஆளாகிவிட்ட அதே குவின். அந்தக் கோட்டை வாசலில் ஒரு நாள் டாங்கியோடும் ஹெலிகாப்டரோடும் வந்து நிற்கிறான் அமெரிக்காவின் கென்டகியிலிருந்து கிளம்பி வந்த வான் ஸான், அதாவது மேத்யூ மெக்கானஹே. எங்களுக்கு டிராகனைக் கொல்லத் தெரியும், ஆள் கொடு, லண்டனுக்குப் போக வேண்டும் என்கிறான். குவின் முடியாது என்கிறான்.

இந்த "முடியாது"வுக்காகத்தான் அவனைக் கோழை என்கிறார்கள்.

சரி, படம் என்ன காட்டுகிறது என்று பார்ப்போம். லண்டனில் இருப்பது அந்த இனத்தின் ஒரே ஆண் டிராகன், அதைக் கொன்றால் இனமே அழிந்துவிடும் என்பது வான் ஸானின் கணக்கு. தோற்றுவிட்டால் அது உங்கள் தடத்தைப் பிடித்துக்கொண்டு நேராக இங்கே வரும், இந்தக் குழந்தைகள் சாவார்கள் என்பது குவினின் பயம். வான் ஸான் கேட்காமல் கோட்டையிலிருந்தே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறான். வழியிலேயே ஆண் டிராகன் வந்து அந்தப் படையைக் கிட்டத்தட்ட மொத்தமாக எரித்துவிடுகிறது. அதோடு நிற்காமல் கோட்டைக்கும் வருகிறது. குவினின் உயிர் நண்பன் கிரீடி, ஜெரார்ட் பட்லர் நடித்த பாத்திரம், அங்கேதான் சாகிறான். குவின் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் நடக்கிறது. சொன்னது நடந்த பிறகும் அவனைக் கோழை என்று எழுதுகிறோம் என்றால் நாம் படத்தைப் பார்த்தோமா, மெக்கானஹேயின் மொட்டைத் தலையையும் தாடியையும் மட்டும் பார்த்தோமா?

மெக்கானஹே பிரமாதம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. காதல் நகைச்சுவைப் படங்களில் சிரித்த முகமாக வரும் மனிதர், இதில் கண்ணை இமைக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, சுருட்டை மென்றபடி வருகிறார். 2014ல் ஆஸ்கர் வாங்கியபோது இவருக்குள் இவ்வளவு இருந்ததா என்று ஆச்சரியப்பட்டவர்கள் பலர், வான் ஸானைப் பார்த்திருந்தவர்களுக்கு அந்த ஆச்சரியம் வந்திருக்காது. ஆனால் ஒரு பாத்திரம் கண்ணைக் கவர்கிறது என்பதற்காக அவன் செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. படமே அப்படிச் சொல்லவில்லை. வானத்திலிருந்து குதித்து வலை வீசும் அவனுடைய வீரர்கள் மூன்று பேர் ஒரே ஒரு டிராகனைக் கொல்லும் வேட்டையில் செத்துப்போகிறார்கள், அன்று இரவு கோட்டை மக்கள் ஆடிப் பாடிக் கொண்டாடும்போது வான் ஸான் வந்து என் ஆட்களின் பிணத்தின் மேல் நின்று ஆடுகிறீர்களா என்கிற மாதிரிக் கத்துகிறான். தன் வழிக்கு என்ன விலை என்று அவனுக்கே தெரியும். அந்தக் காட்சியை உங்கள் பக்கத்தில் ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை.

குவினின் வீரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தக்காளித் தோட்டக் காட்சியைத்தான் சொல்வேன். கோட்டையில் சாப்பாடு தீர்ந்துகொண்டே வருகிறது. வெளியே வயலில் தக்காளி இருக்கிறது, இன்னும் பழுக்கவில்லை. பறிக்க இது நேரம் இல்லை, பொறுங்கள் என்கிறான் குவின். எட்டி என்பவன் பொறுக்க முடியாமல் இரவோடு இரவாகத் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்டியோடு கிளம்பிவிடுகிறான். டிராகன் வருகிறது. குவின் என்ன செய்கிறான்? தன் பேச்சைக் கேட்காமல் போனவன்தானே, வேகட்டும் என்று விட்டுவிடவில்லை. தீயணைப்பு வண்டியை எடுத்துக்கொண்டு தீக்குள்ளேயே போகிறான், மிஞ்சியவர்களை இழுத்துக்கொண்டு வருகிறான். எட்டி ஒரு மகனைப் பறிகொடுக்கிறான், விளைச்சலும் சாம்பலாகிவிடுகிறது. கோட்டைக்குத் திரும்பியதும் அவர்களுக்குள் சண்டை வந்தாலும் அதில் பழிவாங்கும் பேச்சு இல்லை, இத்தனை பேருக்கும் இனி என்ன சாப்பாடு என்ற கவலைதான் இருக்கிறது. காய்க்கும் பழத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு தக்காளிச் செடிக்காக மனிதர்கள் உயிரை விடுகிற நிலைமையை இதை விட நேராக ஒரு ஆக்‌ஷன் படம் காட்டி நான் பார்த்ததில்லை. கோழைக்கு இந்தத் தீக்குள் என்ன வேலை?

இன்னொரு காட்சி, எல்லாருக்கும் பிடித்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கோட்டைக் குழந்தைகளுக்காகக் குவினும் கிரீடியும் நாடகம் போடுகிறார்கள். ஒருவர் கறுப்பு உடையில், இருவர் கையிலும் கத்தி, குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள், நான்தான் உன் அப்பா என்ற வசனம் வரும்போது அந்தச் சின்ன முகங்களில் அதிர்ச்சி. ஸ்டார் வார்ஸ் படத்தின் காட்சி அது. சினிமாவே அழிந்துபோன உலகத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ஞாபகத்திலிருந்து எடுத்துக் கதை சொல்கிறார்கள். உங்கள் வாசகர் ஒருவர் இதை "நல்ல காமெடி" என்று எழுதியிருந்தார். சிரிப்பு வருவது உண்மைதான். ஆனால் கதை கேட்டு முடித்துத் தூங்கப் போகும் அதே குழந்தைகள் பிரார்த்தனை மாதிரி ஒன்றைச் சேர்ந்து சொல்வார்கள், தூங்கும்போதும் ஒரு கண் வானத்தின் மேல் இருக்கட்டும் என்று. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் குவின் எதற்காகக் கதவைத் திறக்க மறுக்கிறான் என்று புரியும். அவன் பொறுப்பில் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. வான் ஸானின் பொறுப்பில் இருப்பவர்கள் சாவதற்குத் தயாராகவே வந்த வீரர்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தத் தவறான எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் போஸ்டரில்தான் போய் நிற்கிறது. லண்டன் நாடாளுமன்றத்துக்கு மேலே டிராகன்கள் நெருப்பைக் கக்க, ராணுவ ஹெலிகாப்டர்கள் கூட்டமாகப் பறந்து சண்டை போடுகிற மாதிரி அந்தப் போஸ்டர். படத்தில் அப்படி ஒரு சண்டையே கிடையாது. இருப்பது வான் ஸான் கூட்டத்தின் ஒற்றை ஹெலிகாப்டர், அதை ஓட்டுவது அலெக்ஸ் என்ற பெண், நடித்தவர் இசபெல்லா ஸ்கோருப்கோ. ஏமாந்துபோனோம் என்று உங்கள் பக்கத்தில் நாலைந்து பேர் எழுதியிருந்தது முழுக்க நியாயம். ஆனால் அது விளம்பரம் செய்தவர்களின் குற்றம். அந்தக் கோபத்தைக் கொண்டுவந்து இயக்குநர் ராப் போமன் மேல் கொட்டுவதும், போர்ப் படம் என்று நினைத்து வந்ததால் போருக்குப் போகாத நாயகனைக் கோழை என்பதும் சரியில்லை. வசூலையும் இதற்குச் சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள். சுமார் 6 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகம் முழுக்கச் சேர்த்து 8 கோடி டாலர் சொச்சம்தான் வசூலித்தது, தியேட்டர்காரர்கள் பங்கு போக லாபம் என்று சொல்ல முடியாது. ரோஜர் ஈபர்ட் மாதிரிப் பெரிய விமர்சகரே ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தார். இருக்கட்டுமே. ஒரு நட்சத்திரம் வாங்கிய படத்தைப் பற்றி இத்தனை வருடம் கழித்து மனிதர்கள் உட்கார்ந்து சண்டை போடுகிறோம் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

டிராகன் குறைவாக வருகிறது என்பது அடுத்த புகார். எனக்கு அதுதான் படத்தின் பலமாகத் தெரிகிறது. இதில் டிராகன் பேசாது, தங்கத்தைக் காக்காது, யாருக்கும் சாபம் கொடுக்காது. பசிக்கிற ஒரு விலங்கு, அவ்வளவுதான். இரண்டு கால், முன்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கை, தரையில் ஊரும்போது இறக்கையையே கையாக ஊன்றி வரும். பிற்பாடு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் வந்த டிராகன்களுக்கும் இதே உடலமைப்புதான், இங்கே வந்தது அதற்கு ஒன்பது வருடம் முன்பு. வாயில் இரண்டு சுரப்பிகள், இரண்டிலிருந்தும் தனித்தனியாகத் திரவம் பீச்சியடிக்க, அவை கலக்கும் இடத்தில் தீப்பிடிக்கிறது. இது சும்மா கற்பனை என்று ஒருவர் தள்ளிவிட்டார். இயற்கையிலேயே பாம்பார்டியர் என்ற வண்டு உடம்புக்குள் ரசாயனங்களைத் தனித்தனியாக வைத்திருந்து, எதிரி வந்தால் கலந்து, கொதிக்கக் கொதிக்கப் பீச்சுகிறது. தீ மட்டும்தான் இல்லை. எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அதே போல அந்தக் கருகிய நிலம். படப்பிடிப்பு அயர்லாந்தின் விக்லோ மலைப்பகுதியில் 2001ல் நடந்தது. அதே வருடம்தான் பிரிட்டனில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியது. அது கிளம்பிய இடம் என்று பின்னால் கண்டுபிடித்தது ஒரு பன்றிப் பண்ணையை, அந்தப் பண்ணை இருந்தது இந்தப் படக் கதை நடக்கும் அதே நார்தம்பர்லேண்டில். நோயை நிறுத்த 60 லட்சத்துக்கும் அதிகமான ஆடு மாடு பன்றிகளைக் கொன்றார்கள், பல இடங்களில் வயல்வெளியிலேயே குவித்து எரித்தார்கள், அந்தப் புகை செய்திப் படங்களில் மாதக்கணக்கில் வந்தது. மறுவருடம் இந்தப் படத்தைப் பார்த்த வட இங்கிலாந்துக்காரருக்கு எரிந்த வயலும் காலியான தொழுவமும் வெறும் செட்டாக மட்டும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். படம் எடுத்தவர்கள் இதை மனதில் வைத்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது" என்று எழுதிய நண்பர், ஒரு கிராமமே தன் உணவைத் தானே எரித்துவிட்டு வாசலில் நிற்பது அந்த ஊரில் அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் எல்லாரும் 2020ல் கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த வாரத்துக்கு அரிசி பருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படத்தில் போட்ட அதே வருடம். அப்போது வெளியே போகாதே என்று சொன்னவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை.

இனி குறைகள். ஒரே ஒரு ஆண் டிராகன் என்ற விஷயம்தான் பெரிய ஓட்டை. கேள்வி எழுப்பிய வாசகர்கள் பக்கம்தான் நான். உலகம் முழுக்க எரிக்கும் அளவுக்குப் பெருகிய இனத்துக்கு ஒரே ஆண், அதுவும் லண்டனை விட்டு அதிகம் நகராத ஆண் என்றால் மற்ற கண்டங்களில் முட்டைக்கு யார் பொறுப்பு? இதற்குப் படத்தில் உருப்படியான பதில் இல்லை. அதைக் கொன்றால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் நிற்காது. 2006ல் இங்கிலாந்தின் செஸ்டர் மிருகக்காட்சி சாலையில் ஃப்ளோரா என்ற கொமோடோ டிராகன், இந்தோனேசியாவின் அந்த ராட்சதப் பல்லி, ஆணோடு சேராமலேயே கருவுள்ள முட்டைகளை இட்டது, குஞ்சுகளும் பொரிந்தன. அப்படி ஆண் இல்லாமல் கொமோடோவுக்குப் பிறக்கும் குஞ்சுகள் எல்லாமே ஆண்தான். கடலில் சில மீன் இனங்களில் கூட்டத்தின் ஆணை எடுத்துவிட்டால் பெரிய பெண் மீன் ஒன்று ஆணாகவே மாறிவிடும். ஆக வான் ஸானின் மொத்தத் திட்டமும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது, அந்த நம்பிக்கை பொய்த்திருந்தால் அத்தனை உயிரும் வீண். குவின் தயங்கியதற்கு இது இன்னொரு காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் அவன் வாயில் அந்தக் கேள்வியை எழுதியவர்கள் வைக்கவே இல்லை. உன் கணக்கு தப்பாக இருந்தால் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வாக்குவாதக் காட்சி எங்கேயோ போயிருக்கும்.

கடைசி அரை மணி நேரமும் அவசரம். லண்டனில் நூற்றுக்கணக்கான டிராகன்கள் பட்டினியில் கிடக்க, பெரிய ஆண் தன் இனத்தையே தின்கிறது, அந்த இடம் மிரட்டல். ஆனால் மூன்றே பேர் போய், வான் ஸான் கோடரியோடு டிராகனின் வாய்க்கு நேராகப் பாய்ந்து சாக, குவின் வெடிமருந்து கட்டிய ஒரே அம்பை அதன் வாய்க்குள் விட்டு முடித்துவிடுகிறான். அந்தப் பாய்ச்சலை ஒருவர் "தியேட்டரே அதிர்ந்த சீன்" என்று எழுதியிருந்தார், கண்ணுக்கு விருந்து என்பதை மறுக்க மாட்டேன், அதனால் அங்கே என்ன சாதித்தான் என்றால் ஒன்றும் இல்லை. டிராகன் செத்தது பொறுமையாகக் காத்திருந்து, அது வாயைத் திறந்து மூச்சு இழுக்கும் சரியான நொடியில் அடித்ததால். காத்திருக்கத் தெரிந்தவன் குவின். முதல் பாதியில் எதற்காக அவனைத் திட்டினீர்களோ அதே குணம்தான் கடைசியில் வேலை செய்கிறது.

அவன் மாறவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. கோட்டை எரிந்து, கிரீடி செத்து, ஒளிந்திருக்க இனி இடமே இல்லை என்று ஆன பிறகுதான் லண்டனுக்கு வழிகாட்ட ஒப்புக்கொள்கிறான். இடிபாடுகளுக்கு அடியில் சிக்கிய கோட்டை மக்களைத் தோண்டி வெளியே எடுத்தது திரும்பி வந்த வான் ஸானும் அலெக்ஸும்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். குவினுக்கு வான் ஸானும், வான் ஸானுக்குக் குவினும் தேவைப்பட்டார்கள். சிறு வயதில் அம்மாவைப் பறிகொடுத்த அதே லண்டன் குழிக்கு ஒருவன் தானாக நடந்து போவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று "கோழை ஹீரோ" எழுதிய நண்பர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார், அதற்கு யாரும் பதில் போடவில்லை. பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்பேன். ரத்தம் அதிகம் இல்லை, ஆனால் ஆரம்பத்தில் அம்மா சாவதும் தக்காளித் தோட்டத்தில் பையன் சாவதும் சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். பெரிய பிள்ளைகள் என்றால் கூட உட்கார்ந்து பாருங்கள், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், பிரிட்டிஷ் உச்சரிப்பும் மெக்கானஹேயின் முணுமுணுப்பும் சேர்ந்தால் பாதி வசனம் பிடிபடாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். கருத்து அனுப்பியவர்களில் ஒருவர், வான் ஸான் வரும் வரை படத்தைப் பார்க்காமல் வேகமாக ஓட்டிவிட்டு, அதன் பிறகுதான் பார்த்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார், குவினை முதலில் கோழை என்றவரும் அவர்தான். நாடகம், பிரார்த்தனை, தக்காளித் தோட்டம், தீயணைப்பு வண்டி எல்லாம் அவர் ஓட்டிவிட்ட பகுதியில்தான் வருகிறது. அவர் அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும், அப்போதும் கோழை என்றே நினைத்தால் காரணத்தோடு எழுதட்டும், அதற்கும் உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள். பதில் எழுத நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு பக்கத்தின் வாசகர்